குலை நோயும் ஒரு ஜெராக்ஸ் மெஷினும்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மூன்றாம் ஆண்டு அண்ணன்கள் கேட்டபோது, "நீ எலக்ட்ரானிக்ஸ்தானே, ரோபோ பத்தி எழுதுடா" என்றார்கள். ரோபோ பற்றி எழுத நம் பிரிவில் இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள். நான் எழுதப் போவது பூஞ்சாணத்தைப் பற்றி. சிரிக்க வேண்டாம், காரணம் இருக்கிறது.

எங்களுக்கு ஒன்பது மா குத்தகை நிலம். டெல்டாவில் கடைமடைப் பக்கம். மூன்று வருஷம் முன்னால் "இது குலை நோயைத் தாங்கும்" என்று சொல்லிக் கொடுத்த விதையை அப்பா சம்பாவுக்குப் போட்டார். முதல் வருஷம் தாங்கியது. இரண்டாம் வருஷமும் தாங்கியது. மூன்றாம் வருஷம் கதிர் வெளியே வந்து பால் பிடிக்கிற நேரம், நல்ல பனி. காலையில் வயலுக்குப் போனவர் சாப்பிடக்கூட வரவில்லை. நான் போய்ப் பார்த்தேன். கதிரின் கழுத்து கறுத்துப் போய், தொட்டால் ஒடிகிறது. உள்ளே பால் இல்லை. பாதிக்கு மேல் பதர்.

அன்றைக்கு ராத்திரி அப்பா கேட்டார்: "நெல்லு அதே நெல்லு. நெலம் அதே நெலம். போன வருஷம் தாங்குன ரகம் இந்த வருஷம் ஏன் தாங்கல? நீ படிக்கிற புள்ளயாச்சே தம்பி, சொல்லு."

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். பேங்கிலிருந்து வரும் தபால், டாக்டர் சீட்டு, பூச்சிமருந்து டப்பாவில் பொடி எழுத்தில் போட்டிருப்பது, எல்லாம் என் கைக்குத்தான் வரும். படித்தவனுக்கு எல்லாம் தெரியும் என்பது அவர்கள் நம்பிக்கை. எனக்கோ பயாலஜி பத்தாம் வகுப்போடு முடிந்து போனது. டயோடு பற்றிக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். வாயை மூடிக்கொண்டு படுத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் எனக்கு அறிவியல் எடுத்த சாரைப் போய்ப் பார்த்தேன். அவர் ஒரு வாரம் டைம் கேட்டார். அப்புறம் நாலைந்து மாதம், ஞாயிறு தோறும் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதைத்தான் கீழே எழுதுகிறேன். தவறு இருந்தால் என்னுடையது.

முதலில் ஆளை அறிமுகம் செய்து விடுகிறேன். குலை நோயை உண்டாக்குவது மேக்னபோர்த்தே ஒரைசே என்ற பூஞ்சாணம். கண்ணுக்குத் தெரியாத அதன் வித்து இலைமேல் விழுந்து, பனி ஈரத்தில் முளைத்து, ஒரு சின்னக் குமிழை உண்டாக்கிக்கொள்ளும். அந்தக் குமிழுக்குள் ஏறும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல 80 மடங்கு வரை போகும்! லாரி டயரில் இருப்பதைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு. அந்த அழுத்தத்தில் ஊசி குத்துகிற மாதிரி இலைத் தோலைக் குத்திக்கொண்டு உள்ளே போகிறது. தஞ்சாவூர் டெல்டாவுக்கு இது புது விருந்தாளி இல்லை. 1919-லேயே இங்கே பெரிய சேதம் செய்திருக்கிறது.

எதிர்ப்பு ரகம் என்றால் என்ன? குலை நோயைப் பொறுத்தவரை பெரும்பாலும் ஒரே ஒரு ஜீன்தான் வேலை செய்கிறது. பூஞ்சாணம் உள்ளே நுழைந்ததும் சில புரதங்களை நெல்லின் செல்லுக்குள் விடுகிறது. கொலுசு போட்டுக்கொண்டு திருட வருகிற திருடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கொலுசுச் சத்தத்தைத் தெரிந்து வைத்திருக்கும் நாய் வீட்டில் இருந்தால் உடனே குரைக்கும். நெல்லில் இருக்கும் எதிர்ப்பு ஜீன்தான் அந்த நாய். சத்தம் கேட்டதும் அந்த இடத்துச் செல்கள் தாங்களே செத்துப் போய்ப் பூஞ்சாணத்துக்கு வழியை அடைத்துவிடும். பை-டா என்று ஒரு நாய். அது கேட்கிற கொலுசுக்குப் பெயர் ஏவிஆர்-பைடா. இந்தக் கொலுசு ஜீன்களில் ஒன்றுக்கு ஏவிஆர்1-கோ39 என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கோ39 என்பது நம்ம கோயம்புத்தூர் நெல்! உலகம் முழுக்கக் குலை நோய் ஆராய்ச்சியில் "சுலபமாக நோய் வாங்கும் ரகம்" என்று ஒப்பிட்டுப் பார்க்க அதைத்தான் நடுகிறார்கள். பெருமைப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியவில்லை.

அப்படியென்றால் அப்பாவின் கேள்வி இப்படி மாறுகிறது: திருடன் கொலுசை எப்படிக் கழற்றினான்?

இங்கேதான் விஷயத்துக்குள் போகிறோம். டி.என்.ஏ. என்பது நாலே எழுத்தில் எழுதிய பெரிய புத்தகம். குலை நோய்ப் பூஞ்சாணத்தில் சுமார் 4 கோடி எழுத்து, ஏழு குரோமோசோம், ஏறக்குறைய 11,000 ஜீன். நம் லைப்ரரியில் ரெஃபரன்ஸ் புத்தகத்தை வெளியே எடுத்துப் போக விடமாட்டார்கள் அல்லவா? வேண்டிய பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போகலாம். செல்லிலும் அப்படித்தான். டி.என்.ஏ. உட்கருவை விட்டு வெளியே வராது. வேண்டிய ஜீனை மட்டும் ஆர்.என்.ஏ. என்ற ஜெராக்ஸாக எடுத்து வெளியே அனுப்புவார்கள். அதைப் பார்த்துத்தான் புரதம் தயாராகும். இந்த ஜெராக்ஸ் எடுக்கும் வேலைக்குத்தான் படியெடுத்தல் என்று பெயர். படியெடுக்காத ஜீன், திறக்காத புத்தகம். இருந்தும் பிரயோஜனம் இல்லை.

2005-ல் இந்தப் பூஞ்சாணத்தின் முழுப் புத்தகத்தையும் படித்து வெளியிட்டார்கள். பார்த்தால் பத்தில் ஒரு பங்கு, ஒரே பத்தி திரும்பத் திரும்ப! பரீட்சையில் பக்கத்தை நிரப்ப நாம் எழுதுகிற மாதிரி.

திரும்ப வருவதெல்லாம் குப்பை என்று நினைத்துவிடக் கூடாது. புரதம் தயாரிக்கும் ரைபோசோம் என்ற மெஷினுக்கு வேண்டிய ஆர்.என்.ஏ.வை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கான டி.என்.ஏ. பத்தி, ரொட்டி செய்யும் ஈஸ்ட்டில் சுமார் 150 தடவை வரிசையாக வருகிறது. வேகமாக வளர்கிற ஈஸ்ட் செல்லில் நடக்கும் மொத்தப் படியெடுத்தலில் 60 சதவீதம் அளவுக்கு இந்தப் பத்திகளில்தான் நடக்கிறது. தேவை அதிகம், அதனால் பிரதியும் அதிகம். இதில் வில்லங்கம் எதுவும் இல்லை.

வில்லங்கம் இன்னொரு வகையில் இருக்கிறது. தாவும் துண்டுகள். டிரான்ஸ்போசான் என்பார்கள். மக்காச்சோளத்தில் இதை முதன்முதலில் கண்டுபிடித்த பார்பரா மக்ளின்டாக் அம்மையாருக்கு, 1940களில் செய்த வேலைக்கு, 1983-ல்தான் நோபல் பரிசு கொடுத்தார்கள். அதுவரை நிறைய பேர் நம்பவே இல்லை. தாவும் துண்டில் இரண்டு ரகம். ஒன்று, தன்னை வெட்டி எடுத்து வேறு இடத்தில் ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று இருக்கும் இடத்திலேயே இருந்துகொண்டு, தன்னை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுத்து, அந்த ஆர்.என்.ஏ.வை மறுபடி டி.என்.ஏ.வாக மாற்றி வேறோர் இடத்தில் செருகிவிடும். அதாவது ஜெராக்ஸ் காப்பியைக் கொண்டுபோய் ஒரிஜினல் புத்தகத்தின் நடுவிலேயே தைத்து வைப்பது. ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். இனி அந்த நாலையும் படியெடுக்கலாம்! எங்கள் லேபில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் "கூ" என்று கத்துமே, அந்த பாசிடிவ் ஃபீட்பேக்தான் இது.

குலை நோய்ப் பூஞ்சாணத்தில் இரண்டு ரகமும் உண்டு. மேகி என்று ஒன்று, சுமார் 5,600 எழுத்து நீளம், இது ஜெராக்ஸ் ரகம். (நாம் ஹாஸ்டலில் சாப்பிடும் மேகி இல்லை. பெயர் மட்டும் அப்படி.) பாட்3 என்று ஒன்று, வெட்டி ஒட்டும் ரகம். இதற்கும் படியெடுத்தல் தேவைதான், ஏனென்றால் வெட்டுகிற கத்தி ஒரு புரதம். அந்தப் புரதம் வேண்டுமானால் பாட்3-இன் ஜீனைப் படியெடுத்தே ஆக வேண்டும். எந்த ரகமானாலும், படியெடுக்காமல் தாவ முடியாது. இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது 2001-ஆம் வருஷத்து ஆராய்ச்சி ஒன்று. பை-டா ஜீன் உள்ள நெல்லைத் தாக்க முடியாமல் இருந்த பூஞ்சாணத்தில், திடீரென்று தாக்கக் கற்றுக்கொண்ட ஒன்றை எடுத்துப் பார்த்தார்கள். ஏவிஆர்-பைடா ஜீன் இருக்கும் இடத்தில், அதைப் படியெடுக்க ஆரம்பிக்கிற வாசல்படியில், பாட்3 வந்து உட்கார்ந்திருக்கிறது! அந்த ஜீனை இனிப் படியெடுக்க முடியாது. கொலுசு கழன்றுவிட்டது. நாய் உயிரோடுதான் இருக்கிறது. காதும் கேட்கிறது. சத்தம்தான் வரவில்லை.

இதைச் சார் சொன்ன அன்று எனக்கு உடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நெல்லு அதே நெல்லு என்று அப்பா சொன்னது சரி. மாறியது நெல் இல்லை, நிலம் இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு வித்துக்குள், 4 கோடி எழுத்தில் ஏதோ ஓர் இடத்தில், ஒரு துண்டு இடம் மாறி உட்கார்ந்தால் போதும். மற்ற வித்துகள் எல்லாம் இலையில் விழுந்து சாகும்போது அது மட்டும் பிழைக்கும், பெருகும், அடுத்த வயலுக்குக் காற்றில் போகும். எங்கள் வயலில் நடந்தது இதேதான் என்று நான் சொல்லவில்லை. வேறு ஊரிலிருந்து புது வகைப் பூஞ்சாணம் வந்திருக்கலாம். எழுத்துப் பிழையாலும் ஜீன் கெடலாம், சில சமயம் ஜீனே முழுசாகத் தொலைந்தும் போகலாம். அந்த வருஷம் யூரியாவும் கொஞ்சம் ஜாஸ்திதான், அதை அப்பாவே ஒத்துக்கொண்டார். ஆனால் ஒற்றை ஜீனை நம்பி நிற்கும் ரகம் இரண்டு மூன்று வருஷத்தில் கவிழ இப்படி ஒரு வழி உண்டு, அது நிரூபித்த வழி.

என் அடுத்த கேள்வி: இப்படித் தாவிக்கொண்டே இருந்தால் பூஞ்சாணமே அழிந்து போகாதா? கொலுசு ஜீனில் விழுந்தால் அதற்கு லாபம். சாப்பாட்டைச் செரிக்கிற ஜீனில் விழுந்தால்? ஆக அதற்கும் ஒரு போலீஸ் வேண்டும். இருக்கிறது. அந்தப் போலீஸை ரொட்டியில் வளரும் இன்னொரு பூஞ்சாணத்தில்தான் முதலில் பிடித்தார்கள்.

அதன் பெயர் நியூரோஸ்போரா. 1843-ல் பாரிஸ் பேக்கரிகளில் ரொட்டி முழுக்க ஆரஞ்சு நிறத்தில் படர்ந்து ரகளை செய்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். நம் பக்கமும் உண்டு. அறுவடை முடிந்து தீ வைத்த கரும்புக் கொல்லையில், கருகின கட்டையில் ஆரஞ்சுப் பொடி பூத்திருக்கும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் கரும்புத் தோட்டத்து நியூரோஸ்போராவின் வாழ்க்கையைப் பற்றியே 1996-ல் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். ஒரு ஜீன் ஒரு என்சைம் என்ற விதியை 1941-ல் பீடில், டேட்டம் இருவரும் கண்டதும் இந்தப் பூஞ்சாணத்தில்தான். அதற்கு 1958-ல் நோபல் பரிசு.

இந்த நியூரோஸ்போராவிடம் இருக்கும் ஒரு வழக்கம் விசித்திரமானது. இரண்டு பூஞ்சாணங்கள் இனம் சேரும் சமயத்தில், உட்கருக்கள் ஒன்றாவதற்கு முன்னால், அதன் உட்கரு தன் புத்தகம் முழுவதையும் புரட்டிப் பார்க்கிறது. ஒரே பத்தி இரண்டு இடத்தில் இருந்தால், இரண்டையுமே கெடுத்துவிடுகிறது. ஸி என்ற எழுத்தையெல்லாம் டி என்று மாற்றிக்கொண்டே போகும். எக்ஸாம் ஹாலில் காப்பி அடித்தவனையும் காட்டினவனையும் சேர்த்து வெளியே அனுப்புகிற சூப்பர்வைசர் மாதிரி! எரிக் செல்க்கர் என்பவரின் ஆய்வகத்தில் 1987-ல் இதைக் கண்டுபிடித்தார்கள். பலன் என்னவென்றால், 2003-ல் இதன் புத்தகத்தைப் படித்தபோது உயிருள்ள தாவும் துண்டு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் பிணங்கள். முன்னே சொன்ன ரைபோசோம் பத்திகளுக்கு மட்டும் விதிவிலக்கு, அவை அவற்றின் இடத்தில் இருக்கும்வரை தப்பித்துக்கொள்கின்றன.

நல்ல ஏற்பாடுதானே என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. புது ஜீன் உண்டாவதற்கு உலகத்தில் பெரிய வழியே, பழைய ஜீன் இரட்டித்து அதில் ஒன்று வேறு வேலை கற்றுக்கொள்வதுதான். இரட்டையைக் கண்டாலே அடிக்கிற வீட்டில் புதுசு எதுவும் வளராது. அது மட்டுமில்லை, இந்தச் சோதனை நடப்பது இனம் சேரும் சமயத்தில் மட்டும். நம்ம குலை நோய்ப் பூஞ்சாணத்துக்கும் இதே மாதிரி ஒரு பழக்கம் கொஞ்சம் இருந்த அடையாளம் உண்டு. ஆனால் வயலில் அது பெரும்பாலும் இனம் சேராமலே, வித்துப் போட்டே பெருகுகிறது. கல்யாணமே நடக்காத ஊரில் கல்யாணச் சோதனை எப்படி நடக்கும்? அதனால்தான் அதற்குள் இவ்வளவு தாவும் துண்டுகள் சுகமாக வாழ்கின்றன.

நியூரோஸ்போராவிடம் இரண்டாவது ஒரு போலீஸும் உண்டு. ரோம் நகரத்தில் ரொமானோ, மசினோ என்ற இருவர் 1992-ல் ஒரு காரியம் செய்தார்கள். ஆரஞ்சு நிறம் தரும் ஜீனின் பிரதிகளைக் கூடுதலாக உள்ளே செலுத்தினார்கள். ஆரஞ்சு இன்னும் கூடும் என்றுதானே யாரும் நினைப்போம்? சில பூஞ்சாணங்கள் வெள்ளையாகிவிட்டன! வெளியிலிருந்து போன பிரதிகள் மட்டுமில்லை, சொந்த ஜீனும் வாயை மூடிக்கொண்டது. அந்த ஜீனைப் படியெடுப்பது நிற்கவில்லை. ஜெராக்ஸ் எடுத்த கையோடு யாரோ அதைக் கிழித்துப் போடுகிறார்கள். யார்? எப்படித் தெரிந்துகொண்டு கிழிக்கிறார்கள்? அதற்கு விடை 1998-ல் புழுவில் கிடைத்தது. ஃபயர், மெல்லோ என்ற இருவருக்கு 2006-ல் நோபல் வாங்கிக் கொடுத்த விஷயம். சுருக்கமாகச் சொன்னால், ஆர்.என்.ஏ. சாதாரணமாக ஒற்றை இழை. அது இரட்டை இழையாக எங்காவது தென்பட்டால் செல்லுக்குச் சந்தேகம் வந்துவிடும். டைசர் என்ற கத்தரி அதை இருபது, இருபத்தைந்து எழுத்துத் துண்டுகளாக நறுக்கும். அந்தத் துண்டை ஆர்கோநாட் என்ற புரதம் கையில் வைத்துக்கொண்டு, "இந்த ஜாடையில் எவனாவது இருக்கிறானா" என்று தேடி, கிடைத்த ஆர்.என்.ஏ.வை ஒழித்துக்கட்டும். போலீஸ்காரர் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் தேடுவது போல.

இதுவரை சார் சொன்னதை நான் தலையாட்டிக் கேட்டேன். அடுத்த வாரம் அவர் சொன்னதில்தான் எனக்குத் தூக்கம் போனது.

கிழக்கு ஆப்பிரிக்காவில் சிறுதானியத்தில் பீர் காய்ச்சுவார்கள். ஸ்வாஹிலி மொழியில் பீருக்குப் பெயர் போம்பே. அந்தப் பீரிலிருந்து 1893-ல் லிண்ட்னர் என்பவர் ஓர் ஈஸ்ட்டைப் பிரித்தெடுத்து, அந்தப் பெயரையே வைத்தார்: ஸ்கிசோசாக்கரோமைசிஸ் போம்பே. சாதாரண ஈஸ்ட் மொட்டு விட்டுப் பெருகும். இது நடுவில் இரண்டாகப் பிளந்து பெருகும். மூன்றே குரோமோசோம், 1 கோடி 38 லட்சம் எழுத்து. ஒவ்வொரு குரோமோசோமுக்கும் இடுப்பு மாதிரி சென்ட்ரோமியர் என்று ஓர் இடம் உண்டு. செல் பிளக்கும்போது கயிறு கட்டி இழுப்பது அங்கேதான். இந்த ஈஸ்ட்டின் இடுப்பைச் சுற்றித் திரும்பத் திரும்ப வரும் பத்திகள். அந்த இடம் முழுவதும் கெட்டியாகச் சுருட்டிப் பூட்டுப் போட்ட இடம். அங்கே நல்ல ஜீனைக் கொண்டுபோய் வைத்தாலும் வேலை செய்யாது. பூட்டிய இடம், படியெடுக்காத இடம், ஊமை டி.என்.ஏ. என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

2002-ல் அமெரிக்காவில் கோல்ட் ஸ்ப்ரிங் ஹார்பர் ஆய்வகத்தில் தாமஸ் வோல்ப், ஷிவ் கிரேவால், ராபர்ட் மார்டியன்சன் குழுவினர் இந்த ஈஸ்ட்டில் டைசரையும் ஆர்கோநாட்டையும் எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். அவை ஆர்.என்.ஏ.வை வெட்டுகிறவை, பூட்டுக்கும் அவற்றுக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் பூட்டு திறந்துகொண்டது. ஊமை என்று நினைத்த பத்திகளிலிருந்து ஆர்.என்.ஏ. குவிய ஆரம்பித்தது. அதே வருஷம் வேறொரு ஆய்வகத்தில், அந்தப் பத்திகளின் ஜாடையில் குட்டி ஆர்.என்.ஏ. துண்டுகள் இருப்பதையும் கண்டார்கள்.

அதாவது, பூட்டிய அறையை யாரோ படித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்! சாதாரண ஜீன்களைப் படியெடுக்கும் அதே மெஷின்தான் இந்தப் பத்திகளையும் படியெடுக்கிறது. வந்த ஆர்.என்.ஏ.வை இன்னொரு நொதி இரட்டை இழையாக்குகிறது. டைசர் நறுக்குகிறது. ஆர்கோநாட் அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு, படியெடுத்துக்கொண்டிருக்கும் இடத்துக்கே திரும்பி வருகிறது. அப்போதுதான் வெளியே வந்துகொண்டிருக்கும் புது ஆர்.என்.ஏ.வோடு ஜாடை பொருந்தியதும் அங்கேயே நின்றுகொண்டு க்ளர்4 என்ற நொதியைக் கூப்பிடுகிறது. அது டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் உருண்டைகளில் அடையாளம் வைக்கிறது. அந்த அடையாளத்தைப் பார்த்துப் பூட்டுகிற புரதங்கள் வந்து சுருட்டிவிடுகின்றன. 2004-ல் இந்த ஆர்கோநாட் கூட்டணியைத் தனியாகப் பிரித்தே காட்டினார்கள்.

எலக்ட்ரானிக்ஸ் நண்பர்களே, உங்களுக்குப் புரிந்திருக்கும். அவுட்புட்டில் ஒரு பகுதியை எடுத்து இன்புட்டுக்கே எதிராகத் திருப்பி விடுகிறோமே, அந்த நெகடிவ் ஃபீட்பேக்! இதில் ஒரு சிக்கல் உண்டு. அவுட்புட் சுத்தமாகப் பூஜ்யமானால் ஃபீட்பேக்கும் பூஜ்யம். பூட்டு முழுசாக இறுகிவிட்டால் படியெடுத்தல் நிற்கும். படியெடுக்காவிட்டால் குட்டித் துண்டு இல்லை. துண்டு இல்லாவிட்டால் எந்த அறையைப் பூட்டுவது என்று சொல்ல ஆள் இல்லை. அப்புறம் அந்த ஈஸ்ட் என்னதான் செய்கிறது?

இதைச் சாரிடம் நானே கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே 2008-ல் வந்த விடையைச் சொன்னார். செல் ஒவ்வொரு தடவை பிளந்த பிறகும், டி.என்.ஏ.வை இரட்டிக்கும் நேரத்தில், பூட்டு கொஞ்ச நேரம் தளர்கிறது. அந்த இடைவெளியில் பத்திகளைப் படியெடுத்து, குட்டித் துண்டுகளைத் தயார் செய்து, மறுபடி பூட்டிக்கொள்கிறது. பிறகு அடுத்த தலைமுறையில் மறுபடி. டைசர் இல்லாத ஈஸ்ட்டில் இந்தப் பூட்டு சரியாக விழுவதில்லை. அப்போது இரட்டைக் குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடிக்கும் கோஹெசின் என்ற வளையம் இடுப்பில் போதுமான அளவு சேராமல், செல் பிளக்கும்போது சில குரோமோசோம்கள் பின்தங்கி நடுவில் கிடக்கின்றன.

எந்தப் படியெடுத்தலால் தாவும் துண்டு பெருகுகிறதோ, அதே படியெடுத்தலால்தான் அதை அடையாளம் கண்டு அடக்கவும் முடிகிறது. சத்தம் போடாத திருடனைப் போலீஸுக்கும் தெரியாது. எல்லாப் பூஞ்சாணமும் இதே வழிதான் என்றும் நினைக்க வேண்டாம். நியூரோஸ்போராவில் ஹிஸ்டோன் அடையாளம் வைக்க இந்தக் குட்டி ஆர்.என்.ஏ.க்கள் தேவைப்படுவதில்லை, அது 2004-ல் தெரிந்தது. ரொட்டி ஈஸ்ட்டோ டைசர், ஆர்கோநாட் இரண்டையுமே தொலைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறது.

சரி, நம்ம குலை நோய்ப் பூஞ்சாணத்துக்கு வருவோம். அதனிடமும் டைசர் உண்டு, இரண்டு. அதில் ஒன்றை எடுத்துவிட்டால் மேகியின் ஆர்.என்.ஏ. அதிகம் சேருகிறது என்று 2007-ல் ஜப்பானில் காட்டினார்கள். ஆகப் போலீஸ் இருக்கிறது, வேலையும் செய்கிறது. ஆனால் முழுசாக அடக்க முடிவதில்லை. அதற்கு முன் 2001-ல், அதே ஜப்பானில் இன்னொன்றும் பார்த்திருக்கிறார்கள்: அந்தப் பூஞ்சாணத்தைச் சூட்டில் வைத்தாலோ, மயில்துத்தம் கலந்த நீரில் வைத்தாலோ, மேகியைப் படியெடுப்பது கூடுகிறது! கஷ்ட காலத்தில் துண்டுகள் விழித்துக்கொள்கின்றன. மயில்துத்தம் என்றதும் எனக்குப் பகீர் என்றது, பழைய நாளிலிருந்து பயிருக்கு அடிக்கிற சரக்கு அது. ஆனால் இது ஆய்வகத்துக் கண்ணாடிக் குடுவைக்குள் பார்த்தது. இதை வைத்து மருந்து அடிக்காதீர்கள் என்று நான் சொன்னதாக யாரும் ஊரில் போய்ச் சொல்லிவிட வேண்டாம்.

இதையெல்லாம் அப்பாவிடம் எப்படிச் சொல்வது? மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து சொன்னேன். டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. எதையும் எடுக்கவில்லை. கொலுசுக் கதையைச் சொன்னேன். நாய் செத்துப் போகலப்பா, திருடன்தான் கொலுசைக் கழட்டிட்டான் என்றேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் கேட்டார்: "அப்ப ஒரே நாயை வச்சுக்கிட்டா எப்படி? ரெண்டு மூணு நாய் வச்சா? ஒண்ணு கொலுசு கேக்கும், ஒண்ணு செருப்புச் சத்தம் கேக்கும்."

நண்பர்களே, நான் அசந்து போனேன். நெல் ஆராய்ச்சியில் செய்வதும் இதுதான்! ஒரே ரகத்தில் இரண்டு மூன்று எதிர்ப்பு ஜீன்களைச் சேர்த்து அடுக்குகிறார்கள். ஒரு துண்டு ஓர் இடத்தில் தாவி விழுவது சகஜம். ஒரே வித்துக்குள் மூன்று கொலுசும் ஒரே சமயத்தில் கழல்வது ரொம்ப ரொம்ப அபூர்வம். எங்கள் டிஜிட்டல் பாடத்தில் மூன்று இன்புட் உள்ள கேட் மாதிரி. நாலாவது வரை படித்த அப்பா அதை ஒரு பீடி முடிவதற்குள் சொல்லிவிட்டார். நான் அவரிடம் "ஆமாப்பா, அப்படித்தான் பண்றாங்க" என்றேன். "பண்றாங்கன்னா நமக்கு எப்ப வரும்?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. விதை கொடுக்கும் இடத்தில் போய், எந்த எதிர்ப்பு ஜீன் இருக்கிறது என்று கேட்டால் நம்மை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

இந்த வருஷம் ஒன்பது மாவையும் ஒரே ரகத்தில் போடவில்லை. அஞ்சு மா ஒரு ரகம், நாலு மா இன்னொரு ரகம். யூரியாவைப் பிரித்துப் பிரித்துப் போட்டிருக்கிறார். இதை எழுதும்போது கதிர் இன்னும் வெளிவரவில்லை. சனிக்கிழமை ஊருக்குப் போனால் முதலில் வரப்பில் இறங்கி இலையைத் திருப்பிப் பார்க்கிறேன். கண் வடிவத்தில் புள்ளி இருக்கிறதா என்று.